தாத்தா போட்டோவுக்குப் பின்னால் "தங்கம்" என்று எழுதியிருக்கிறது. எந்த தியேட்டர், எந்த வருஷம்?

வைகைக்கரை · ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தவன். இப்பதான் கேட்கிறதுக்கு ஒரு விஷயம் கிடைச்சிருக்கு.

போன வாரம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ள இந்த போட்டோ இருந்தது. உள்ளங்கை அளவுதான். கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் அலையலையா வெட்டினது. நடுவுல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எங்க தாத்தா, அம்மாவோட அப்பா. மீசை இன்னும் சரியா முளைக்கல. பின்னால சினிமா தியேட்டர் முகப்பு, மூணு வளைவு. நடு வளைவுக்கு மேல பெயர்ப்பலகை இருக்கு, ஆனா முக்கால்வாசி படத்தோட மேல் ஓரத்துல வெட்டுப்பட்டுப் போச்சு. பின்பக்கம் "தங்கம்"னு ஒரே வார்த்தை.

தாத்தா மதுரை தங்கம் தியேட்டர்ல வாசல்ல டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தவர். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோட திறந்தாங்களே, 2563 சீட்டு, ஆசியாவிலேயே பெருசுன்னு ஊரே பேசின அதே தியேட்டர். இப்ப அந்த இடத்துல ஜவுளிக்கடை. திறப்பு அன்னைக்கு எடுத்த போட்டோ இதுன்னு மாமா அடிச்சுச் சொல்றார். பெருசாக்கி, கீழே "தங்கம் தியேட்டர், 1952"ன்னு போட்டுக் கூடத்துல மாட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு தோணுச்சு.

கூட்ஸ்ஷெட் · ஞாயிறு, இரவு 9.41

தம்பி, பார்த்ததும் தொண்டை அடைச்சுக்கிச்சு. எழுபதுகள்ல தங்கத்துல தரை டிக்கெட்டுல உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். இந்த மூணு வளைவு என் நினைவுல இல்ல. ஆனா ஐம்பது வருஷத்துக்கு முந்தின நினைவை வச்சு இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. மத்தவங்களும் பார்க்கட்டும்.

பழம்படம் · ஞாயிறு, இரவு 10.25

வாழ்த்துகள். இந்த அளவுக்கு நல்ல நிலையில் ஒரு படம் கிடைப்பதே அபூர்வம். கீழே பெயர் போடும் முன் சில வேலைகள் இருக்கின்றன.

இப்போது போட்டிருப்பது கைபேசியில் எடுத்த படம். விளக்கு வெளிச்சம் பட்டு வலது பக்கம் வெளுத்திருக்கிறது. ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் ஒரு முறை, முடிந்தால் 1200இல் ஒரு முறை எடுங்கள். கறுப்பு வெள்ளைதானே என்று கிரேயில் எடுக்க வேண்டாம், கலரிலேயே எடுங்கள். மஞ்சள் கறையும் மையின் நிறமும் அதில்தான் பிரிந்து தெரியும். பின்பக்கத்தையும் அதே அளவில் எடுங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள். துணியால்கூடத் துடைக்க வேண்டாம், ஊதினால் போதும். டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பாக ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துவிட்டு, மற்றொன்றில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

இன்னொன்று. மாமா சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், யார், எப்போது, எந்த வார்த்தைகளில் சொன்னார் என்று. ஆனால் அது வேறு தாளில் இருக்கட்டும். குடும்பம் சொல்வது ஒரு சாட்சி, படத்துக்குள் தெரிவது இன்னொரு சாட்சி. இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. நம் ஊர்ப் பழைய தியேட்டர் படங்கள் பாதிக்கு மேல் இப்படித்தான் கெட்டுப்போயின. ஒரே படம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் திருச்சி, இன்னொன்றில் சேலம், மூன்றாவதில் கும்பகோணம் என்று சுற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வைகைக்கரை · திங்கள், மாலை 6.50

ஆபீஸ் ஸ்கேனர்ல நீங்க சொன்ன மாதிரியே எடுத்தேன் சார். முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் இணைச்சிருக்கேன். பெருசாக்கினதும் இடது ஓரத்துல ஒரு சின்னப் பலகை தெரியுது, டிக்கெட் விலைன்னு நினைக்கிறேன். வலது கீழ் மூலையில ரோட்டுல ரெண்டு கோடு ஓடுது. இதெல்லாம் வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்ல.

நிழல்வெளி · திங்கள், இரவு 8.05

ஒரு ஏஐ செயலியில போட்டுக் கூர்மையாக்கி, கலரும் ஏத்திப் பார்த்தேன். இணைச்சிருக்கேன். மேல் பலகையில "தங்கம்"னு தெளிவா வந்திருக்கு பாருங்க. கேள்வி முடிஞ்சதுன்னு நினைக்கிறேன்.

பழம்படம் · திங்கள், இரவு 8.30

உதவ நினைத்ததற்கு நன்றி. ஆனால் அசலையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசலில் பலகையின் அடிப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. எழுத்துகளின் கால்கள் மட்டும், அதுவும் மூன்றோ நான்கோ. மேல் பாதி படத்திலேயே இல்லை. இல்லாத பாதியை அந்தச் செயலி எங்கிருந்து கொண்டுவந்தது? கேள்வியோடு "தங்கம்" என்று எழுதிக் கொடுத்தீர்களா?

நிழல்வெளி · திங்கள், இரவு 8.44

ஆமா சார், "மதுரை தங்கம் தியேட்டர், பலகையைத் தெளிவாக்கு"ன்னுதான் கொடுத்தேன். இப்ப புரியுது. படத்தை நீக்கிட்டேன். வெளியே எங்கேயும் பகிரல, அதுவரைக்கும் நல்லது.

கார்பன்குச்சி · திங்கள், இரவு 9.15

நீக்கினது சரிதான் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் படம் ஒரு நாள் வெளிய போயிருந்தா பத்து வருஷத்துக்கு அதுதான் அசல்னு சுத்தியிருக்கும்.

நான் முப்பத்தி மூணு வருஷம் தியேட்டர் கேபின்ல படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவன். இந்தப் படத்துல முதல்ல சைக்கிளைப் பாருங்க. செயின் வலது பக்கம் இருக்கு. அப்ப நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுக்கல, இடம் வலம் சரியாத்தான் இருக்கு. பழைய நெகட்டிவ் ஸ்கேன்ல இந்தத் தப்பு ரொம்ப சகஜம். பொம்பளைங்க சேலை முந்தானை எந்தத் தோள்ல கிடக்குன்னு பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது அந்த ரெண்டு கோடு. வண்டித் தடம் இல்ல அது. தடம்னா வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். இது ரோட்டு மட்டத்துக்குப் பதிச்ச இரும்பு. வலது மேல் மூலையில ஒரு கம்பமும், அதுலருந்து ரோட்டுக்கு மேல நீட்டின கையும் இருக்கு பாருங்க.

புரசைவாசி · திங்கள், இரவு 9.32

ஐயா, அது டிராம் தண்டவாளம்!

சென்னையில 1895ல ஓட ஆரம்பிச்சது, 1953 ஏப்ரல்ல நின்னது. எங்கப்பா கடைசி வண்டி போனதைப் பத்தி அழுவுற மாதிரி பேசுவார். மதுரையில டிராம் ஓடினதே கிடையாது. அப்படின்னா இது தங்கம் இல்ல, மதுரையே இல்ல.

கூட்ஸ்ஷெட் · திங்கள், இரவு 9.50

கொஞ்சம் பொறுங்க. மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல எத்தனையோ தண்டவாளம் ரோட்டை வெட்டிப் போகும். அதுல ஒண்ணா இருக்கக்கூடாதா?

கார்பன்குச்சி · திங்கள், இரவு 10.02

அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சுண்ணே. ஆனா ரோட்டை வெட்டிப் போகல, ரோட்டோட கூடவே ஓடுது. மேல கம்பி வேற இருக்கு. அந்தக் காலத்து மதுரையில மின்சார ரயில் ஏது?

நல்லூரான் · செவ்வாய், அதிகாலை 3.20

வணக்கம். ரொறன்ரோவில இருந்து எழுதுறன். குறுக்க வாறதுக்கு மன்னிக்கவும். டிராம் எண்டவுடன சென்னை எண்டு முடிவெடுக்கேலாது. கொழும்பிலயும் 1960 வரைக்கும் டிராம் ஓடினது. தமிழ்ப் பலகை போட்ட படமாளிகையள் அங்கயும் இருந்தது. இந்தியாவில இருந்து வேலைக்கு வந்த ஆக்கள் கொழும்பில கனபேர். உங்கட தாத்தா அங்க போயிருக்கலாம் தானே?

பழம்படம் · செவ்வாய், காலை 7.15

மிக நல்ல கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. பதில் இடது ஓரத்துப் பலகையில் இருக்கலாம். வைகைக்கரை, அந்த மூலையை மட்டும் 2400இல் எடுத்துப் போட முடியுமா?

வைகைக்கரை · செவ்வாய், மாலை 7.05

போட்டிருக்கேன். நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. மாமாகிட்ட டிராம் விஷயத்தைச் சொன்னேன், கோவிச்சுக்கிட்டு போனை வச்சுட்டார்.

புரசைவாசி · செவ்வாய், இரவு 7.40

நாலு வரி தெரியுது. மேல் வரி படிக்க முடியல. ரெண்டாவது "சேர்", மூணாவது "பெஞ்சு", நாலாவது "தரை". எண்கள் மங்கல். ஆனா கடைசி வரி முடிவுல "அணா"ன்னு இருக்கு, அதுவும் பழைய ணா, ணவுக்குக் கீழே சுழிச்சுப் போகுமே அந்த எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடம் போனவங்களுக்கு அதைப் படிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

நல்லூரான் · செவ்வாய், இரவு 8.10

அப்ப நான் சொன்னது சரிவராது. இலங்கையில ரூபாயும் சதமும் தான். அணாவில ரிக்கற் வித்திருக்க மாட்டினம். கொழும்பை விட்டுடலாம்.

பழம்படம் · செவ்வாய், இரவு 8.35

அருமை. இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. டிராம் நின்றது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. தமிழில் விலைப்பலகை, அணா, டிராம் மூன்றும் சேரும் ஊர் சென்னை ஒன்றுதான். பின் எல்லை 1953 ஏப்ரல். முன் எல்லைக்கு ஏதாவது கிடைக்குமா? தாத்தாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பாருங்கள்.

கார்பன்குச்சி · செவ்வாய், இரவு 9.20

பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். வரிசையா முரசு, ஒவ்வொரு முரசு மேலயும் ஒரு ஆள் நின்னு ஆடுறாங்க. இது ஜெமினியோட 'சந்திரலேகா' தவிர வேற எதுவா இருக்கும்? 1948 ஏப்ரல்ல வந்தது.

ஆனா ஒண்ணு. அதனால இந்த போட்டோ 1948ன்னு முடிவு கட்டிடாதீங்க. படம் முதல் வெளியீட்டுல ஓடினதா, நாலு வருஷம் கழிச்சு மறுபடி கொண்டுவந்து ஓட்டினதான்னு போஸ்டர் சொல்லாது. நல்ல படம் திரும்பத் திரும்ப வரும். படப்பெட்டி வந்ததும் பிரிண்ட்டை ரீவைண்டர்ல போட்டு விரலால தடவிப் பார்ப்போம், எத்தனை ஊர் சுத்தி வந்திருக்குன்னு பிலிம் அறுந்து ஒட்டின ஒட்டுகளை எண்ணினாலே தெரியும். அதனால 1948க்கு முன்னால இல்லன்னு மட்டும் எழுதுங்க.

மசக்காளிபாளையம் · செவ்வாய், இரவு 10.15

இழையைக் கொஞ்சம் திருப்புறேன், மன்னிக்கணும். இப்படித் துப்பறிகிற மாதிரி படிச்சாத்தான் விஷயம் வெளிய வருதுங்கறதுக்காகச் சொல்றேன்.

கோவையில சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல கட்டின வெரைட்டி ஹாலைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், ரோட்டுக்கே அந்தப் பேருதான். ஆனா அவர் அதுக்கு முன்னால, 1905ல திருச்சியில ரயில்வே வேலையில இருந்தப்ப ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டரை வாங்கிக்கிட்டு ஊர் ஊராக் கூடாரம் போட்டார் பாருங்க, அந்தக் கூடாரங்களோட போட்டோ எங்கயாவது இருக்குதான்னு பல வருஷமாத் தேடறேன். கட்டடத்தை எடுத்திருக்காங்க, கூடாரத்தை யாருமே எடுக்கல போல. கொட்டகை இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் பிரிச்சுட்டு அடுத்த ஊர் போயிடும். அதை நிக்க வச்சு யார் போட்டோ எடுப்பாங்க?

பழம்படம் · செவ்வாய், இரவு 10.50

கொட்டகை வேறு ஏதாவது படத்தின் பின்னணியில் இருக்கும். தேர்த்திருவிழா, மாட்டுச் சந்தை, கல்யாண ஊர்வலம். நான் சேர்த்து வைத்திருக்கும் தியேட்டர் படங்களில் தியேட்டருக்காகவே எடுத்தவை மிகக் குறைவு. மற்றதெல்லாம் யாரோ எதையோ எடுக்கப் போய்ப் பின்னால் தியேட்டர் தற்செயலாக விழுந்தவை. அதனால் "பழைய தியேட்டர் போட்டோ இருக்கா" என்று வீடு வீடாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "உங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கலாமா" என்று கேட்க வேண்டும்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற ஒன்று உண்டு. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டரான கெயிட்டியை 1914இல் திறந்த ரகுபதி வெங்கையா அடிப்படையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். சினிமாவே இங்கே ஒரு போட்டோகிராபர் கையால் வளர்ந்தது. அப்படியிருந்தும் நம்மிடம் இருக்கும் தியேட்டர் படங்கள் ஒரு சிறு அட்டைப்பெட்டியில் அடங்கிவிடும்.

கூட்ஸ்ஷெட் · புதன், காலை 6.40

மதுரையில விக்டோரியா எட்வர்ட் மன்றம் இன்னொரு உதாரணம். பகல்ல நூலகம், சாயங்காலம் அங்கேயே ரீகல் டாக்கீஸ்ல இங்கிலீஷ் படம். கிடைக்கிற போட்டோவுல எல்லாம் "நூலகம்"னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க. சினிமா அங்க ஓடின விஷயம் தலைப்பு எழுதினவருக்குத் தெரியல, அல்லது எழுதத் தோணல.

கார்பன்குச்சி · புதன், காலை 9.05

தியேட்டருக்குன்னே எடுத்த போட்டோ ஒரு வகை உண்டு சார். நூறாவது நாள், வெள்ளிவிழான்னா முதலாளி ஷீல்டை நடுவுல வச்சுக்கிட்டு உட்காருவார், பக்கத்துல மேனேஜர், விநியோகஸ்தர். பின்னால ரெண்டு வரிசையா நாங்க. ஆபரேட்டர், வாட்ச்மேன், கேட்காரர், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன், சுவரொட்டி ஒட்டறவர், கூட்டுற அம்மா வரைக்கும். ஸ்டுடியோக்காரர் அட்டையில ஒட்டி, கீழே ஒவ்வொருத்தர் பேரையும் இடமிருந்து வலம் எழுதிக் கொடுப்பார். அந்த அட்டைக்கு இணையான ஆவணம் வேற கிடையாது. தியேட்டர் இடிக்கும்போது முதல்ல குப்பைக்குப் போறதும் அதுதான். நான் வேலை பார்த்த இடத்துல ஏழு அட்டை மாட்டியிருந்தது. பழைய இரும்புக்காரர் வண்டியில கிடந்ததைப் பார்த்து ரெண்டை மட்டும் காசு கொடுத்து மீட்டேன். மத்த அஞ்சும் கண்ணாடிச் சட்டத்துக்காக ஏற்கனவே உடைச்சாச்சு.

கேபினுக்குள்ள எடுத்த போட்டோ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு. ரெண்டு புரொஜெக்டர், கார்பன் எரியிற வெளிச்சத்துல என் மூஞ்சி பாதிதான் தெரியும். ரீல் மாத்தற நேரம், அதனால கேமராவைப் பார்க்கல. என் பேத்தி அதைத்தான் கேட்டு வாங்கி வச்சிருக்கா.

நல்லூரான் · புதன், காலை 10.30

ஐயா, நீங்கள் எழுதினதை வாசிச்சு அழுதிட்டன். யாழ்ப்பாணத்தில மனோகரா, வின்சர், ராஜா, றீகல் எண்டு எத்தனை இருந்தது. 1995 யுத்த இடப்பெயர்வில சனம் கையில அகப்பட்டதோட வெளிக்கிட்டது, ஆல்பம் ஆர் தூக்கினது? எங்களுக்குப் படம் வாறதெண்டால் அதுக்கு முதலே வெளிநாடு வந்த ஆக்களிட்ட இருந்துதான். அப்ப ஊரில இருந்து கடிதத்துக்குள்ள வச்சு அனுப்பின படங்கள். போன வருசம் ஒரு மாமியின்ர கடிதக் கட்டுக்குள்ள இருந்து வின்சருக்கு முன்னால நாலு பெடியள் நிக்கிற படம் ஒண்டு எடுத்தன். நாலு பேரின்ர பேரையும் அந்தக் கடிதமே சொல்லுது.

பழம்படம் · புதன், பகல் 12.10

அந்தக் கடிதத்தையும் படத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வையுங்கள், பிரித்துவிடாதீர்கள்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் இல்லாத இடத்தில் தாள் பேசும். 1955 திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். விண்ணப்பத்தோடு கட்டட வரைபடமும் போயிருக்கும். படத்தில் தெரியும் வாசல்களையும் படிகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டாலே எந்தத் தியேட்டர் என்று உறுதியாகிவிடும். சினிமா பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் தியேட்டர் முத்திரை இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமா நோட்டீஸ்களும் உண்டு. தேதி போட்ட நோட்டீஸ் ஒன்று கிடைத்தால் பத்து நினைவுகளுக்குச் சமம்.

வைகைக்கரை, பின்பக்கத்துக்கு வருகிறேன். "தங்கம்" என்று எழுதியிருப்பது நீல பால்பாயிண்ட் பேனா. கலர் ஸ்கேனில் பாருங்கள், கோடு தாளில் அழுந்திப் பதிந்திருக்கிறது. முன்பக்கத்தில் அந்த இடத்தில் விரலை வைத்தால் மேடு தட்டுப்படும். 1953க்கு முன் நம் வீடுகளில் இருந்தது மைப் பேனாவும் பென்சிலும். இது பல வருடங்கள் கழித்து எழுதியது. யார் எழுதினார், எதற்காக?

வைகைக்கரை · புதன், இரவு 11.15

மேடு இருக்கு சார். கையை வச்சதும் தெரிஞ்சது.

அம்மாகிட்ட இன்னைக்கு உட்கார்ந்து பேசினேன். தாத்தா தங்கத்துல வேலைக்குச் சேர்ந்தது அம்மா பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி. அதுக்கு முன்னால என்ன செஞ்சார்னு அம்மாவுக்கே தெரியாது. "மதினியைக் கேளு"ன்னாங்க. தாத்தாவோட அக்கா மகள், எனக்கு அத்தை முறை, மானாமதுரையில இருக்காங்க. எண்பது வயசு ஆகுது. சனிக்கிழமை போறேன். போட்டோவையும் எடுத்துக்கிட்டுப் போறேன்.

கார்பன்குச்சி · புதன், இரவு 11.40

போங்க தம்பி. ஒண்ணு மட்டும். "இது சென்னைதானே?"ன்னு நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க. போட்டோவைக் கையில கொடுத்துட்டுப் பேசாம இருங்க. அவங்களா சொல்லட்டும்.

வைகைக்கரை · ஞாயிறு, காலை 10.20

போயிட்டு வந்துட்டேன். பேச்சை போன்ல பதிவு பண்ணியிருக்கேன், அத்தை சம்மதம் கொடுத்தாங்க.

போட்டோவைக் கையில கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, முன்பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாம நேரா திருப்பினாங்க. "இது எங்கம்மா போட்டோவுல்ல, உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு"ன்னாங்க.

தங்கம்ங்கறது அவங்க அம்மா. தாத்தாவோட அக்கா. ஊர்ல எல்லாருக்கும் அவங்க பேர் வேற, வீட்டுக்குள்ள மட்டும் தங்கம். எங்க கொள்ளுத்தாத்தா இறந்து பாத்திரம் பண்டம் பங்கு பிரிச்சப்ப, பெட்டியில இருந்த போட்டோக்களையும் பிரிச்சாங்களாம். சண்டை வரக்கூடாதுன்னு எந்தப் போட்டோ யாருக்குன்னு பின்னால பேர் எழுதினது தாத்தாவேதான். அக்கா பங்குக்கு வந்த போட்டோ இது. எடுத்துக்கிட்டுப் போக மறந்துட்டாங்களோ, தம்பிகிட்டயே இருக்கட்டும்னு விட்டாங்களோ, அத்தைக்கும் தெரியல.

முன்பக்கத்தைப் பத்தி அப்புறம் அவங்களாவே சொன்னாங்க (அவங்க மாமாங்கறது எங்க தாத்தாவை). "மாமா வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் பட்டணத்துக்கு ஓடிப்போச்சு. சினிமாக் கொட்டகையில சைக்கிள் ஸ்டாண்டுல இருந்துச்சு. நல்லா இருக்கேன்னு அக்காவுக்கு அனுப்புன போட்டோ. அந்தச் சைக்கிள்கூட யாரோ படம் பார்க்க வந்தவன் சைக்கிளு." எந்தக் கொட்டகைன்னு கேட்டேன். "பட்டணத்துக் கொட்டகை"ங்கறதுக்கு மேல அவங்களுக்குத் தெரியல.

அத்தைகிட்ட போட்டோவைக் கொடுத்துட்டு வந்துட்டேன், அது அவங்களோடது. ஸ்கேன் நம்மகிட்ட இருக்கு. மாமாவுக்கு அந்தப் பதிவை அனுப்பினேன். ரெண்டு தடவை கேட்டதா சொன்னார்.

பழம்படம் · ஞாயிறு, பகல் 11.30

நம் தொகுப்பில் இப்படிப் பதிவு செய்கிறேன், சரியா என்று பாருங்கள்.

படத்தில் தெரிவது: சென்னை, திரையரங்கு முகப்பு. 1948க்கும் 1953 ஏப்ரலுக்கும் இடையில். ஆதாரம்: டிராம் தண்டவாளமும் மின்கம்பியும், அணாவில் தமிழ் விலைப்பலகை, 'சந்திரலேகா' போஸ்டர். திரையரங்கின் பெயர் தெரியவில்லை.

குடும்பம் சொன்னது: நிற்பவர் அப்போது இந்தத் தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டு ஊழியர். பின்னாளில் மதுரை தங்கம் தியேட்டரில் வேலை பார்த்தவர். தன் அக்காவுக்கு அனுப்பிய படம். சொன்னவர் அக்காவின் மகள், ஒலிப்பதிவு உண்டு.

பின்பக்கம்: "தங்கம்", நீல பால்பாயிண்ட், பிற்காலத்தில் எழுதியது. அக்காவின் வீட்டுப் பெயர்.

மூன்று வளைவும் அகலப் படிகளும் கொண்ட டிராம் சாலைத் தியேட்டர் எது என்று சென்னை நண்பர்கள் தேடலாம். மவுண்ட் ரோட்டிலிருந்து தொடங்குங்கள்.

புரசைவாசி · ஞாயிறு, பகல் 12.05

எங்கப்பாவோட பழைய படப்பெட்டியை இன்னைக்கே இறக்கறேன்.

கார்பன்குச்சி · ஞாயிறு, பகல் 12.40

எல்லாம் சரி சார். ஒரு திருத்தம் மட்டும். "நிற்பவர்"னு போடாம அவர் பேரைப் போடுங்க. வெள்ளிவிழா அட்டையில எழுதுவாங்களே, அது மாதிரி, பேரும் பக்கத்துல வேலையும்.

வைகைக்கரை · ஞாயிறு, பகல் 12.52

பேரைத் தனிமடல்ல அனுப்பிட்டேன் ஐயா. பக்கத்துல "சைக்கிள் ஸ்டாண்டு"ன்னு போட்டுடுங்க.